டெய்லர் அங்கிளின் பிறந்த ஊர்

எங்கள் டெய்லர் அங்கிளைப் போலச் சந்தேகப்பட அமெரிக்காவிலேயே ஆள் கிடையாது. இரண்டாயிரத்து நான்கு வாக்கில், நியூ ஜெர்ஸி ஐசலினில் எங்கள் அபார்ட்மென்டுக்குக் கீழே கடை வைத்திருந்த ஆர்மீனியக் கிழவர். பேன்ட் நீளம் குறைக்கக் கொடுத்தால் ரசீதில் தன் பெயரையும் எழுத மாட்டார், நம் பெயரையும் கேட்க மாட்டார். தீபாவளிக்கு மைசூர்பாகு கொடுத்தேன். முதலில் என்னைத் தின்னச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பு எங்கள் பேரிலும் உண்டு. நமக்குத்தான் ஆளின் பேர் தெரியுமுன் ஊர் தெரிந்தாக வேண்டுமே. ஒரே மாதத்தில் பதினோரு தமிழர்கள் தனித்தனியாகப் போய், "அங்கிள், உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டுவிட்டோம். அவர் இரண்டு நாள் கடையே திறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னை மடக்கி, தன் ஓட்டை இங்கிலீஷில், "உங்களையெல்லாம் யார் அனுப்பறாங்க?" என்றார்.

என் மனைவி ஜெயந்தி அவருக்கும் மேலே. "ஊர் பேரைச் சொல்லாத ஆளு எதையோ பண்ணிட்டு வந்து ஒளிஞ்சிருக்காருன்னு அர்த்தம். அரை மணி நேரம் டிரைவ் பண்ணினாலும் பரவாயில்ல, பேன்ட்டை வேற எங்கயாவது குடுங்க" என்றாள். நானும் கொஞ்ச நாள் பின்வாசல் வழியாகவே போய் வந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவரே எங்கள் கதவைத் தட்டினார். கையில் பாஸ்போர்ட் அப்ளிகேஷன். அப்போதுதான் சிட்டிசன் ஆகியிருந்தார். கட்டடத்தில் பாதிப் பேருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவன் நான் என்று எப்படியோ விசாரித்து வைத்திருந்தார். இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டதாம். பிறந்த ஊர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அதை ஃபில் பண்ணாம முடியாது அங்கிள்."

"பண்ணினா நான் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும்."

ஜெயந்தி காபி கொண்டுவந்தாள். எங்கள் இருவரையும் குடிக்க வைத்துவிட்டு, பிறகு தானும் குடித்தார். அப்புறம் மெல்லச் சொன்னார். கராபாக் மலையில் நாற்பது வீடுள்ள ஆர்மீனியக் கிராமம். அந்த மண் யாருக்கு என்று ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் அடித்துக்கொண்டன. சண்டை நாட்களில் வழியில் நிறுத்தி "எந்த ஊர்?" என்று கேட்பார்களாம். பதில் சொன்ன அவருடைய தம்பி வீடு திரும்பவில்லை. அக்கா மட்டும் இன்னும் அங்கே படுத்த படுக்கையாக இருக்கிறாள். பாஸ்போர்ட் வந்தால்தான் போய்ப் பார்க்க முடியும்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பதினோரு பேரில் முதலில் கேட்டவன் நான்தான்.

ஜெயந்தி எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். "இப்ப ஊர் பேரைச் சொல்லுங்க அங்கிள்" என்றாள். அவர் அவளையும் உள்ளே போகச் சொல்லிவிட்டு என் காதில் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினேன். பாஸ்போர்ட் வந்தது. போய் அக்காவையும் பார்த்துவிட்டு வந்தார்.

அது என்ன ஊர் என்று ஜெயந்தி இன்றுவரை நச்சரிக்கிறாள். நீங்களும் கேட்பீர்கள். சொல்வதாக இல்லை. அந்த மனுஷர் நம்பிய ஒரே ஆளாக நான் இருந்துவிட்டுப் போகிறேன்.