இருட்டறையில் இராயப்பன்

நிம்மதியின் விலை எண்பத்தையாயிரம் ரூபாய் என்று பதுளைக் கடைக்காரர் றஹீம் சொன்னார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் கிளாக்கர் இராயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்.

டீவியைப் போட்டால் பக்கத்து லயத்து வரிசை வீடு முழுவதும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதல் பாட்டு முடிவதற்குள் யார் கொலைகாரன் என்று சொல்லியும் விடுகிறது. டீவியை அந்தக் கூட்டத்துக்கே விட்டுவிட்டு, பின்னறைச் சுவரில் தன்னந்தனியாக ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

றஹீம் கொடுத்த ஒபீஸ் புரொஜெக்டர் பட்டப்பகலிலும் பளிச்சென்று காட்டியது. ஜன்னல் வழியாக எதிர் லயத்துக்கும் காட்டியது. அங்கே வாசலில் பலகை போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். திட்டப் போனவருக்கு அந்த வரிசையிலிருந்த பெரியாயி நன்றி சொன்னாள்.

"இங்கேருந்தே நல்லாத் தெரியுதுங்கய்யா. இனி உங்க வீட்டுக்கு வந்து தொந்தரவு குடுக்க மாட்டோம்."

ஜன்னலைச் சாத்தினார். இருட்டில் அந்த வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கதாநாயகி சலவைக்குப் போய் வந்தவள் மாதிரி வெளுத்துக் கிடந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி பதுளைக்கு ஓடினார்.

"படம் பாக்க வித்தீங்களா, கூட்டம் கூட்ட வித்தீங்களா?"

"அது மீட்டிங்குக்குப் போடுற சாமான், கிளாக்கர்" என்றார் றஹீம் நிதானமாக. "வீட்டுல படம் பாக்க வேற இருக்கு. நெறம் அப்படியே இருக்கும். ஆனா ஒரு பொட்டு வெளிச்சம் ஆகாது. மேல பதினையாயிரம் வைங்க."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"முதல்ல நீங்க கேட்டது வெல கொறஞ்சதல்லவா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இராயப்பன் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புப் பொலித்தீன் அடித்தார். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, மனைவி செசிலியுடன் உட்கார்ந்தார். பாதிப் படத்தில் கதாநாயகியின் புருஷன் செத்தான். அவள் தலையிலடித்துக்கொண்டு கதறினாள். செசிலியும் தேம்பினாள்.

வாசல் கதவு தட்டப்பட்டது. ஓசிப் படம் பார்க்க வந்துவிட்டார்கள் என்று இராயப்பன் சத்தத்தைக் கூட்டினார். தட்டல் பலமானது. இன்னும் கூட்டினார். கதறல் மலையில் எதிரொலித்தது. செசிலி கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"ஒருத்தரையும் உள்ள விடாத" என்று உறுமினார்.

போனவள் திரும்பவில்லை. நல்லதாய்ப் போயிற்று. வெளியே தப்பு மேளம் முழங்கியபோது மட்டும், இன்றைக்கென்று பார்த்து எவன் கல்யாணம் வைத்தான் என்று சபித்தார். ஆனாலும் படத்தைக் கடைசிவரை பார்த்தார்.

கதவைத் திறந்தால் வாசலில் பந்தல், பெஞ்சுகள், வெள்ளைக் கொடி. பெரியாயியின் அணைப்பில் செசிலி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள். அவரு உள்ளே நல்லா உட்கார்ந்திருக்காரு என்று அவள் சொன்னதையெல்லாம் துக்கத்தில் புலம்புவதாக எடுத்துக்கொண்டு, இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தார்கள்.

அவரைக் கண்டதும் தப்பு நின்றது.

"எவன்டா செத்தது?"

தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர் ஜெஸ்டின் முன்னால் வந்தான். "ஜன்னலெல்லாம் கறுப்பு. உள்ள ஒப்பாரி. கதவத் தொறந்தா அம்மா அழுதுக்கிட்டு நிக்கிறாங்க. நாங்க என்னத்தங்கய்யா நெனைக்கிறது?"

"ஒருத்தனும் இனி என் வாசல் பக்கம் வரக் கூடாது. வந்தா கால ஒடைப்பேன்."

ஜெஸ்டின் கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினான்.

"பந்தலுக்கு மூவாயிரம், தப்புக்கு ரெண்டாயிரம், சவப்பெட்டிக்கு ஏழாயிரம். சங்கத்துல ஒரு ஆளுக்கு ஒரு சாவுதாங்கய்யா. உங்க சாவுக்குச் சங்கம் குடுக்கிற பன்னிரண்டாயிரமும் தீந்துபோச்சு. இனி நெசமாவே போனாலும் ஒருத்தரும் வர மாட்டோம்."