மேல்வீட்டு வாடகைதாரர் பெயர் தெரியவில்லை

மதிப்பிற்குரிய பேரூராட்சி செயல் அலுவலர் அம்மா அவர்களுக்கு,

வடக்குத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அய்யாக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். அந்த அனைவரில் எங்கள் வீட்டை அளக்க வந்த தம்பி அருண்குமாரும் உண்டு. அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. எழுதி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்களுடைய ஒரே வீட்டுக்கு இரண்டு சொத்து வரி வந்திருக்கிறது. கீழ்வீட்டுக்கு உரிமையாளர் மீனம்மாள் என்று ஒன்று. அது சரி, மனை அவளுடைய அப்பா கொடுத்தது. மேலே மகளுக்காகக் கட்டிய ஒற்றை அறைக்கு இன்னொன்று. அதில் ‘வாடகைக்கு விடப்பட்டது, வாடகைதாரர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதி, அதற்குத் தனி வரியும் போட்டிருக்கிறீர்கள். அம்மா, அந்தப் பெயர் தெரியாத வாடகைதாரர் நான்தான். மீனம்மாளுக்குத் தாலி கட்டியவன்.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கொரோனா இரண்டாவது அலையின்போது நான் சென்னையில் மகள் பிரகதீஸ்வரி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். சுகாதாரத் துறைக்காரர்கள் வாசலில் தகரம் அடித்து, வெளியூரிலிருந்து வந்தவர் தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாடிக்குப் படி வெளியே இருந்ததால் நான் மேலே, மீனம்மாள் கீழே என்று ஆனது. காப்பி போட்டுக்கொள்ள ஒரு சின்ன ஸ்டவ்வையும் மேலே ஏற்றிக்கொண்டேன். சாப்பாட்டை அவள் பாதிப் படி ஏறி வைத்துவிட்டு இறங்கியபின் நான் பாதிப் படி இறங்கி எடுத்துக்கொள்வேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதே இல்லை. அந்தச் சமயத்தில்தான் தம்பி அருண்குமார் முகக்கவசமும் டேப்புமாக வந்து, தெருவில் நின்றபடியே மீனம்மாளை விசாரித்தார். நான் மேலே கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மேல யாரும்மா இருக்கா?”

“அவுக இருக்காக.”

“அவுகன்னா யாரு? பேரச் சொல்லுங்க.”

“பேரெல்லாம் நான் எப்புடித் தம்பி சொல்றது?”

இங்கே ஒரு விளக்கம் தேவை. மீனம்மாள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். இந்தக் காலத்துப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லி அதட்டுகிறார்கள், நல்லதுதான். ஆனால் இவள் என் பெயரை மட்டுமல்ல, பெயர் மாதிரி காதில் விழுகிற எதையும் சொல்ல மாட்டாள். கண்ணை ‘முழி’ என்பாள். புதுக்கோட்டையில் கண் டாக்டரிடம் போய், “முழி எரியுதுங்க சார்” என்றாள். கன்றுக்குட்டி எங்கள் வீட்டில் ‘சின்ன மாடு’. மகளைக் கொஞ்சும்போதுகூட ஒரு முறையும் ‘கண்ணு’ என்று கூப்பிட்டதில்லை, தங்கம் என்றுதான். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டி, “அதுலயே எழுதியிருக்கு, படிச்சுக்கங்க” என்பாள். இது தம்பிக்குத் தெரியாது. அவர் மேற்கொண்டு கேட்டார்.

“சரி, அவரு இங்கிட்டு வருவாரா?”

“இப்பல்லாம் வரக்கூடாது தம்பி. நானும் அங்கிட்டுப் போறதில்ல. சோறு மட்டும் நாந்தான் குடுக்குறேன்.”

“தனி அடுப்பு இருக்கா?”

“ஸ்டவ் இருக்கு.”

“மாசாமாசம் பணம் குடுக்குறாரா?”

“அதெல்லாம் ஒழுங்கா குடுத்துருவாக. மொதத் தேதி பென்சன் வந்தா எங்கைலதான்.”

தம்பி எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பியதும் அவள் அண்ணாந்து பார்த்து, “என்னங்க, ஒங்கள வாடகைக்கு வச்சுட்டுப் போறான் போலருக்கு!” என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்ப வாடகைய ஏத்திராத ஆத்தா” என்று நானும் மேலே இருந்து சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. அதனால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

நான் கீழே இறங்கலாம் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் சொல்வதற்கு முன்பே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எனக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. அவளுக்கு எங்கிருந்து தொற்றியது என்று இன்றுவரை தெரியாது. ஆம்புலன்ஸ் வந்தபோது படியில் நின்ற என்னை, “பெரியவரே, எறங்காதீங்க” என்று நிறுத்திவிட்டார்கள். அவள் ஏறும் முன் திரும்பி, “ரசம் மூடி வச்சுருக்கேன், சூடு பண்ணிக் குடிங்க” என்றாள். வாழ்நாள் முழுக்க ஜனங்களை ஏற்றி இறக்கி விசில் கொடுத்தவன் நான். அன்றைக்கு அந்த வண்டியில் என்னை ஏற்றிக்கொள்ள ஆள் இல்லை. சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து செல்வராணி என்ற நர்ஸ் பிள்ளை போன் செய்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அதுவும் அழுதது. பிறகு, “ஐயா, அய்யாக்கண்ணுங்கிறது அம்மாவோட மகனா? நெனவு தப்புற வரைக்கும் அந்தப் பேரத்தான் கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்க” என்று கேட்டது.

நிற்க. இந்த வரியைத் திருத்தச் சொல்லித் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கவுண்டரில் திலகவதி என்ற பெண் மிகவும் மரியாதையாகத்தான் பேசியது.

“நீங்க வாடகைக்காரர் இல்லன்னு வீட்டு ஓனர் வந்து எழுதிக் குடுக்கணும் சார்.”

“ஓனர் இறந்துட்டாகம்மா.”

“அப்ப வாரிசு வரணும்.”

“வாரிசுல மொத ஆளே நாந்தாம்மா.”

“நீங்க வாடகைக்காரர்னுல்ல சார் கம்ப்யூட்டர்ல இருக்கு?”

அம்மா, என் கேள்வி ஒன்றே ஒன்று. பிரிந்திரு என்று தகரம் அடித்ததும் அரசாங்கம். பிரிந்திருந்தார்கள் என்று வரி போட்டதும் அரசாங்கம். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுத் தனி அடுப்பு வைத்தால் இரண்டு வரி போடுங்கள், கட்டட்டும். நோய்க்குப் பயந்து ஒருவரை ஒருவர் காப்பாற்றப் பாதிப் படியில் நின்றவர்களையும் இரண்டு குடியாகத்தான் எண்ண வேண்டுமா? கொள்ளைநோய்க் காலத்துக்கு மட்டுமாவது உங்கள் விதி கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கூடாதா? கல்யாணத்துக்கு அவள் மாமன்மார்கள் இருக்கிறார்கள், மகள் இருக்கிறாள், சாட்சி சொல்வார்கள். ஆகவே மேல்வீட்டுக்குத் தனியாகப் போட்ட வரியை நீக்கி, வாடகைதாரர் என்பதை அடித்து, அந்த இடத்தில் ‘கணவர் அய்யாக்கண்ணு’ என்று எழுதித் தருமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல இடத்தில் அமர்ந்து, யாரையும் பிரியாமல் வாழ வேண்டும். திலகவதிக்கும் தம்பி அருண்குமாருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மேல்வீட்டில் இருக்கும்,
அய்யாக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் எல்லாவற்றையும் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அம்மா, தயவுசெய்து மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். தம்பி எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் இன்னும் மேலேதான் இருக்கிறேன், கீழே படுக்க மனம் வரவில்லை. பென்ஷன் வந்த அன்று இறங்கிப்போய் அவள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். வேறென்ன வேண்டும் வாடகைக்கு? அவள் என் பெயரைச் சொன்னபோது கேட்கிற தூரத்தில் நான் இல்லை. தம்பியிடம் சொல்லாமல் விட்டுவிட்டு அவள் வாசலில் நின்று சிரித்ததைத்தான் கேட்டேன். அந்தச் சிரிப்பு இப்போது வேறு எங்கும் இல்லை, உங்கள் கம்ப்யூட்டரில் ‘பெயர் தெரியவில்லை’ என்று இருக்கிறது. இரண்டு வரியையும் நான் கட்டிவிடுகிறேன். அந்த இடத்தில் என் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.