எழுத்தில்லாத கலியாணமும் லண்டன் வீட்டு வரியும்

ரோலா, ஷார்ஜா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் பத்மநாதனுக்கு,

நாகலிங்கம் எழுதுவது. நானும் உங்கள் தங்கை சுகந்தாவும் நல்ல சுகம். ஆனால் நாங்கள் புருஷன் பெண்சாதியா என்பதில்தான் சிறு சந்தேகம் வந்திருக்கிறது. அங்கே நீங்களும் உங்களோடு இருக்கும் எங்கள் மகள் லக்சிகாவும் குளிரில் தடிமன் பிடிக்காமல் இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

லண்டனில் எங்கள் பேரில் இருக்கும் வீட்டுக்காக நீங்கள் அனுப்பிய வரித்தாளை மூன்று தரம் படித்துவிட்டு, சுகந்தாவுக்கு விளக்க உட்கார்ந்தேன். "நான் செத்தால்" என்று தொடங்கியது பிழை. அவள் அகப்பையைக் கீழே வைத்து, "என்ன வருத்தத்தை மறைக்கிறியள்?" என்று கேட்டு, அன்றே கிளினிக்குக்கு இழுத்துப்போய், இரத்தம் எடுத்து, ஈசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று டொக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மிச்சத்தைக் கேட்டாள். நானும் சொன்னேன்: அந்த நாட்டில் ஒருவர் செத்தால் மூன்றேகால் இலட்சம் பவுண் வரை வரியில்லை, அதற்கு மேல் நூற்றுக்கு நாற்பது, ஆனால் எங்களைப் போன்ற புருஷன் பெண்சாதிக்கு விட்டுப்போனால் எவ்வளவானாலும் வரியே இல்லை, போனவர் தொடாத அந்த மூன்றேகால் இலட்சமும் இருப்பவரின் பங்கோடு சேரும், அவரும் போய் வீடு லக்சிகாவுக்கு வரும்போது இரட்டை விலக்குக் கிடைக்கும் என்று. "அப்ப நான் முந்திச் செத்தால்?" என்றாள். அப்போதும் அப்படித்தான் என்றேன். "எப்பிடிப் பாத்தாலும் வீடு மட்டும் தப்புது" என்றாள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். தாளின் அடியில், இந்தச் சலுகை சட்டப்படி கலியாணம் செய்தவர்களுக்கு மட்டும், சும்மா சேர்ந்து வாழ்பவர்களுக்கு இல்லை, சான்றிதழ் வேண்டும் என்று இருந்தது. நாலு சூட்கேசையும் கொட்டித் தேடினேன். வானத்தில் குண்டு போடும் பொம்பர் சுற்றிய நாளில் அவசரமாகத் தாலி கட்டியது ஞாபகம். பதிவுகாரர் முன்னால் கையெழுத்து வைத்து எழுத்து எழுதிய ஞாபகம் இல்லை. இங்கே எனக்குக் கம்பனி விசா, அவளுக்கு அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்து விசா, இத்தனை வருஷமும் ஒருவரும் கேட்கவில்லை. "சுகந்தா, நாங்கள் எழுத்து எழுதேல்லைப் போல கிடக்கு" என்றேன். அவள் கொட்டிக் கிடந்த சூட்கேஸ் ஒன்றை மூடினாள். பிறகு, "அப்ப நான் ஆர்?" என்றாள். வரிக்காகவாவது ஒருக்கால் எழுதிவிடுவோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் நாகலிங்கம். அந்நிய ஆம்பிளைக்குச் சமைக்கமாட்டாளாம். மூன்று நாள் நண்பர் நுஃமான் நடத்தும் மெஸ்ஸில் சாப்பிட்டேன். கதையைக் கேட்ட நுஃமான், "அண்ணே, அவங்கட விருப்பத்த நீங்க எண்டைக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றார். நினைத்துப் பார்த்தேன் மச்சான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி உங்கள் அப்பா என்னைக் கேட்டார். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று அவள் பள்ளிக்கூட பஸ்ஸால் இறங்கும் இடத்தில், துபாய் பஸ்ஸுக்கு ஆட்கள் வரிசையாக நிற்க, நான் ஒரு முழம் மல்லிகையோடு நின்றேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. "சுகந்தா, என்னைக் கலியாணம் முடிக்க உமக்கு விருப்பமோ?" என்றேன். வரிசையில் நின்ற பட்டாணியர் ஒருவர், ஒன்றும் விளங்காமலே, "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். அவள் பூவை வாங்கி மணந்து பார்த்தாள். "வரிக்கோ?" என்றாள். "இல்லை" என்றேன். அது உண்மை. "அப்ப ஓம்" என்றாள். வீட்டுக்கு வந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தாள்.

அடுத்த மாதம் தூதரகத்தில் எழுத்து. பெண் வீட்டுப் பக்கம் மூத்தவர் நீங்கள். மறுக்காமல் சம்மதம் தரவேண்டும். லக்சிகாவுக்கு எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் வருங்கால மைத்துனன்,
நாகலிங்கம்

பி.கு.: அண்ணா, சுகந்தா எழுதுறன். உறையை ஒட்டச் சொல்லித் தந்திட்டுக் குளிக்கப் போயிட்டார். எழுத்து கலியாணத்துக்கு முதல்நாளே முடிஞ்சுது, சாட்சிக் கையெழுத்து வைச்சது நீங்கள்தானே. அவர் அந்த அவசரத்தில அதைப் பந்தல்காரன்ர பற்றுச்சீட்டு எண்டு நினைச்சுக் கையெழுத்து வைச்சவர். சான்றிதழ் என்ர பள்ளிக்கூட லொக்கரில கிடக்கு. வரிக்காரருக்குக் குடுக்கப் பிரதி ஒண்டு இதுக்குள்ள வைச்சிருக்கிறன். இப்ப அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை கூறைச்சீலை எடுக்கக் கூட்டிக்கொண்டு போறாராம்.