பதினோராவது வீட்டுக்கு எத்தனை நடை?

செத்தாலும் மச்சானிடம் போய்க் கைகட்டி நிற்பதில்லை என்று நான் சபதம் எடுத்த அன்று வீட்டில் பருப்பு தீர்ந்திருந்தது. சபதத்தைக் கஞ்சியோடு சேர்த்து விழுங்கினேன்.

1996. சிங்காநல்லூர்ப் பக்கம் நான் கிளார்க்காக இருந்த மில்லை மூடிவிட்டார்கள். காலைச் சங்கு ஊதாததால் தெருவே நேரம் தெரியாமல் கிடந்தது. என் மனைவி முத்தாத்தாள் மட்டும் நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்கு அதே கேள்வியைக் கேட்டாள்.

“ஏனுங்க, காங்கேயத்துல எங்கண்ணன் எண்ணெய் மில்லுக்குக் கணக்கெழுதப் போலாமில்லீங்க?”

“உங்கண்ணன் ரங்கராஜ் முன்னால நான் நிக்கறதா? கம்ப்யூட்டர் வாத்தியார் ஆகப்போறேன் அம்மணி!”

“ஆவாட்டி?”

“ஆவாட்டி, அன்னிக்கே காங்கேயம் பஸ் ஏறிக்கலாம்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தெருமுனையில் சீனிவாசலு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். வாத்தியார் வேலைக்கு அவர் வைத்த பரீட்சை இதுதான்: ஒன்றுமே தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து, தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடும் ரிகர்ஷன் புரோகிராம் ஓட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று புரியவைக்க வேண்டும். தேறினால் வேலை. ஆனால் முதல் ஆறு மாதம் சம்பளம் கிடையாது. இதை மட்டும் முத்தாத்தாளிடம் நான் மூச்சுவிடவில்லை.

ஒன்றுமே தெரியாதவர் என்றதும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. என் அறிவு அவ்வளவுதான்.

“அவரு என்ன கேட்டாலும், புரிஞ்சுதுங்கன்னு சொல்லிப்போடு.”

“செரிங்க” என்றாள், மாடு மாதிரி சாதுவாக.

சென்டரில் சாக்பீஸைப் பிடித்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாண அழைப்பையே உதாரணமாக எடுத்தேன். “பத்துப் பங்காளி வீடு. வயசு வரிசைப்படி சொல்லோணும். கடைசி வீட்டுக்காரர், ‘எனக்கு நேர் மூத்த ரெண்டு பேருக்குச் சொல்லீட்டு வாங்க’ம்பார். அந்த ரெண்டு பேரும் அவங்கவங்களுக்கு மூத்த ரெண்டு பேரைக் காட்டுவாங்க. சொன்ன வீட்டுக்கே மறுக்கா மறுக்கா நடை. இதுதான் ரிகர்ஷன். வீடு கூடக் கூட நடை எகிறிடும். செருப்பு பிஞ்சுபோகும், கல்யாணம் முடிஞ்சுபோகும், அழைப்பு முடியாது.”

சீனிவாசலு முகம் மலர்ந்தது. எனக்கு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் முத்தாத்தாளிடம் திரும்பினார்.

“ஏனம்மா, பதினோராவதா ஒரு வீடு சேர்ந்தா, அந்த வீட்டுக்கு எத்தனை நடை?”

நான் புருவத்தால் கெஞ்சினேன்.

“ஒண்ணுதானுங்க” என்றாள்.

“வாத்தியார் சொன்னது புரிஞ்சுதா?”

“ஒண்ணுமே புரியலீங்க சார்.”

சீனிவாசலு எழுந்துபோய்ப் பலகையை அழித்தார். என் பிழைப்பையும் சேர்த்து அழிக்கிற மாதிரி இருந்தது. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று மதியமே காங்கேயம் பஸ். மகள் ரித்திகா என் மடியில் தூங்கினாள். மில் மூடிய இந்த மூன்று மாதத்தில் அவள் கனம் குறைந்திருந்தது மடிக்குத் தெரிந்தது.

“உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. உன் மண்டைக்கு அது ஏறாது” என்றேன்.

முத்தாத்தாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். “அந்தப் பதினோராவது ஊட்டுக்கு நடை ஒண்ணில்லீங்க. பத்தாவது ஊட்டுக்கு நடந்த நடையும், ஒம்பதாவது ஊட்டுக்கு நடந்த நடையும் மொத்தமா மறுக்கா நடக்கோணும். அதுக்கு மேல ஒண்ணு. சொன்ன ஊட்டை ஞாபகம் வெச்சுக்கிட்டாத்தான் ஒண்ணு.”

அவள் பக்கம் திரும்பினேன். “அப்புறம் ஏன் அங்க புரியலைன்னே?”

“ஆறு மாசம் சம்பளமில்லைன்னு சீனிவாசலு சம்சாரம் ரேசன் கடையில சொல்லிப்போட்டாங்க. இந்தப் புள்ளைக்கு இன்னும் ஆறு மாசம் கஞ்சி ஊத்த என்னால ஆவாதுங்க.”

மகளை மடியில் ஏற்றிப் பிடித்துக்கொண்டேன்.

கண்டக்டர் வந்தார். அவளே எங்களுக்கு முழு டிக்கெட்டும் மகளுக்கு அரை டிக்கெட்டும் எடுத்தாள். எனக்கும் அரை டிக்கெட் கேட்காததுதான் பாக்கி.