கலையரசன் நாடு கடத்திய சொல்

ஒரு சொல்லை வீட்டைவிட்டுத் துரத்துவது என்று கலையரசன் முடிவு செய்தார். மற்றவர்கள் எலியைத் துரத்துகிறார்கள், கரப்பானைத் துரத்துகிறார்கள். அவருக்கு வாய்த்தது ‘செட்டு’.

மஸ்கட்டில் பதினெட்டு வருடம் ஒரு கிடங்கை மேய்த்துவிட்டுச் சேலம் சூரமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டு திரும்பியவர் அவர். மஸ்கட் தமிழ் மன்றத்துக்குச் செயலாளராக இருந்தவர். பாலைவனத்தில் நின்றுகொண்டு தூய தமிழ் பேசுவது சுலபம். மறுத்துப் பேச ஆளில்லை. சேலத்தில் எதிரே மனைவி அகல்யா இருந்தாள்.

அகல்யா ஜேடர்பாளையத்துக்காரி. அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முழுக் குடும்பத்தையும் நடத்திவிடுவாள். தண்ணீர் ஏற்றுவது மோட்டார் செட்டு. கோயிலில் அலறுவது மைக் செட்டு. அவள் அம்மா கழற்றி டம்ளரில் போடுவது பல் செட்டு. கூடப் படித்தவர்கள் அவள் செட்டு. லாரி நிற்கும் கொட்டகையும் செட்டு. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகாவிட்டால் செட்டாகவில்லை. புடவைக்கு ரவிக்கை ஒவ்வாவிட்டாலும் செட்டாகவில்லை. ஒருநாள் விடிந்ததிலிருந்து எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாவது அவரைப் பற்றியது. மதில் மேல் கையூன்றிப் பக்கத்து வீட்டு அஜீஸாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இந்த ஊரு இவருக்கு இன்னும் செட்டாகலீங்க.”

அதையும் பொறுத்திருப்பார். முன்னறை விவகாரம் வந்து சேர்ந்தது.

தெருவைப் பார்த்த அந்த அறையில் தன் பதினான்கு பெட்டிப் புத்தகங்களை அடுக்கி நூலகம் திறக்க அவருக்கு ஆசை. அஜீஸாவோடு கூட்டாக அதே அறையில் தட்டுவடை செட்டுக் கடை போட அகல்யாவுக்கு ஆசை. தட்டை போல மொறுமொறுக்கும் இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் வெங்காயமும் பீட்ரூட் துருவலும் வைத்துக் கொடுப்பது. சாயங்காலமானால் அது உள்ளே போகாமல் சேலத்துக்காரர்களுக்குப் பொழுது சாயாது.

“ஏனுங்க, ஜங்ஷன்ல வேல முடிஞ்சு அத்தன சனமும் நம்ம ஊட்டு வழியாத்தான் போவுது. பசியோட போவுது.”

“அறிவுப் பசியும் இருக்கும், அகல்யா.”

“அந்தப் பசிக்கு ஒருத்தரும் நின்னு நான் பாத்ததில்லீங்க.”

அப்போதுதான் கலையரசன் மூளையில் மின்னல் வெட்டியது.

“ஒரு பந்தயம். நாளைக் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை. அந்தச் சொல்லை யார் முதலில் சொல்கிறாரோ, அவருக்கு முன்னறை இல்லை.”

“எந்தச் சொல்லுங்க?”

“அதுதான். அந்த ஆங்கிலச் சொல்.”

“செட்டுங்களா?”

“அதேதான்!”

“அவ்வளவுதானுங்களா?” என்றாள் அகல்யா, ஒரு நாளைக்கு நாற்பத்திரண்டு முறை சொல்கிறவள். பால்காரர் மணியடிப்பதற்குள் தோற்றுவிடுவாள் என்று கலையரசன் அன்றே புத்தக அலமாரிக்கு அளவெடுத்தார். நடுவர் வேண்டும் என்று அஜீஸாவையும் மதிலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து நியமித்தார்.

மறுநாள் காலை ஆறுக்கு எழுந்து வந்தால், அகல்யா குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

‘இன்று கிருத்திகை. கபிலர்மலை முருகனுக்கு மௌன விரதம். மாலை ஆறு வரை.’

கலையரசன் மதிலுக்கு ஓடினார். “அஜீஸா, இது என்னம்மா அநியாயம்?”

“சாமி காரியம்ணே. நான் என்னத்தச் சொல்றது?”

சற்று யோசித்தார். குளுகுளுவென்று ஒரு நினைப்பு வந்தது. “சரி. ஆனால் ஒன்று. இருவருமே சொல்லாமல் ஆறு மணி அடித்தால் அறை நூலகத்துக்கு. சம்மதமா?”

அகல்யா தலையாட்டினாள். கொஞ்சம் சீக்கிரமாகவே ஆட்டிவிட்டாள். அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

பசித்தது. சமையலறைக்குப் போனார். அடுப்பின் மேல் இரண்டாவது சீட்டு: ‘விரத நாளில் அடுப்புப் பற்ற வைப்பதில்லை. வாழைப்பழம் இருக்கிறது.’

இரண்டு பழம் சாப்பிட்டார். வாசலில் குரல்.

“சார், செல்லமுத்து வந்திருக்கறனுங்க. அக்கா பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. எந்த மோட்டார் செட்டைங்க கழட்டோணும்?”

அகல்யா அவரைப் பார்த்தாள். விரதக்காரி வாய் திறக்கமுடியாதே! கலையரசன் தொண்டையைச் செருமினார்.

“நீரேற்று இயந்திரத்தைப் பழுது பார்க்கவேண்டும்.”

“அது எங்கீங்க இருக்குது?”

“கிணற்றடியில்.”

செல்லமுத்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “அங்க மோட்டார் செட்டு மட்டும்தானுங்க சார் இருக்குது. நீங்க சொல்ற மிஷினு காணமுங்க.”

“அதையேதான் சொல்கிறேன்!”

“இல்லீங்க சார். நீங்க சொல்றது பெரிய ஐட்டமாட்ட இருக்குது. கம்பெனி ஆளத்தான் கூப்புடோணும். எனக்குத் தெரியாத வேலைல நான் கை வெக்கிறதில்லீங்க.” கும்பிட்டுவிட்டுப் போயே போய்விட்டார். அன்றைக்குக் கலையரசன் எட்டுக் குடம் தண்ணீரைக் கையால் இறைத்தார்.

எட்டாவது குடத்தில் தொலைபேசி. மாமியார் ஜானகியம்மாள்.

“மாப்பிள்ளைங்களா? என்ற பல் செட்டு வந்துருச்சுங்களா? இன்னைக்குப் பன்னண்டு மணிக்குக் கூப்புட்டுக் கேளுன்னு அகல்யா சொன்னா.”

“தங்கள் செயற்கைப் பல்வரிசை வந்துவிட்டது, அத்தை.”

“சீர் வரிசைங்களா? யாரூட்டு விசேசமுங்க?”

“விசேஷம் இல்லை. மெல்லுவதற்கு உதவுவது.”

“வெத்தல பாக்கு வரிசைங்களா? ஏனுங்க, சொந்தத்துல ஒரு விசேசம்னா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லமாட்டீங்களா? இப்படி மூடி மூடி வெச்சா நாங்க எப்படித்தான் மொறை செய்யறது?”

மாமியார் போனை வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் அகல்யா பக்கத்துச் சொந்தம் நான்கு பேர் அழைத்து, எந்த விசேஷத்துக்குத் தங்களை விட்டுவிட்டார்கள் என்று கேட்டார்கள். கலையரசன் மேலும் இரண்டு பழம் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குக் கல்யாணத் தரகர் அம்மாசி, குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். “சார், அன்னிக்கிக் குடுத்த ஜாதகம் செட்டாச்சுங்களா?”

இது கைக்கெட்டிய பந்து. கலையரசன் நெஞ்சை நிமிர்த்தினார். “பொருந்திற்று!”

“பத்துமா?”

“பத்தும் பொருந்திற்று!”

அம்மாசி முகம் மலர்ந்து குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் ஓடினார். அகல்யா சத்தமில்லாமல் தலையில் அடித்துக்கொண்டாள். யாருக்கு யாரைப் பொருத்தினோம் என்பது கலையரசனுக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் சொல்லவில்லை. அதுதானே முக்கியம்? ஐந்தேமுக்கால் ஆயிற்று. அறை கிட்டத்தட்ட அவருடையது. அலமாரியை எந்தச் சுவரில் பொருத்தலாம் என்று பார்க்க முன்னறைக்குப் போனார்.

அங்கே அஜீஸா உட்கார்ந்திருந்தாள். மடியில் பீட்ரூட் துருவி. அகல்யா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எதிரே பச்சைச் சட்னி ஒரு கிண்ணம், சிவப்புச் சட்னி ஒரு கிண்ணம். வாசம் மூக்கைப் பிடித்து இழுத்தது. காலையிலிருந்து நான்கு வாழைப்பழத்தில் ஓடிய உடம்பு தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தது.

“வாங்கண்ணே. கடைதான் இல்லேன்னு ஆயிடுச்சு. அரைச்ச சட்னி வீணாப் போகுமே. ருசி பாத்து உப்பு மட்டும் சொல்லுங்க. அக்கா விரதம், வாயில வெக்க மாட்டாங்க.”

விரத நாளில் வெங்காயமா என்று கேட்க நினைத்தார். கேட்க வாயில் இடமில்லை. தட்டுவடை நொறுங்கியது. பீட்ரூட் இனித்தது. அடுத்த நொடி காரம் வந்து காதைத் திருகியது. எலுமிச்சை இரண்டையும் சமாதானப்படுத்தியது. பதினெட்டு வருடம் மஸ்கட்டில் குப்பூஸ் ரொட்டி தின்ற நாக்கு கண்ணை மூடிக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்பி வந்தது. தட்டு காலி. கண்ணை மூடியபடியே தட்டை நீட்டினார்.

“இன்னொரு செட்டு.”

யாரும் தட்டை வாங்கவில்லை. கண்ணைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

“அஜீஸா,” என்றாள் அகல்யா, நாளெல்லாம் அடைத்து வைத்த குரலில். “மொத கிராக்கி வந்தாச்சு. தட்டுல வைய்யி.”

கலையரசன் துள்ளி எழுந்தார். “பேசிவிட்டாய்! ஆறு மணி ஆகவில்லை! முருகனுக்கு இருந்த விரதத்தைக் கிருத்திகையும் அதுவுமாக முறித்துவிட்டாய்!”

அகல்யா பச்சைச் சட்னியை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து உப்புப் பார்த்தாள்.

“தமிழு தமிழுங்கறீங்க. அடுப்படீல தொங்கற நாள்காட்டிய ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்திருக்கீங்களா? கிருத்திகை வாற வாரமுங்க. அன்னிக்கு மௌன விரதத்த நீங்க இருந்துக்கங்க, மாமா. கடைல எனக்குக் கூட்டம் இருக்கும்.”