கோணல் ஹேண்டிலும் ஆயுதபூஜைப் பூசணிக்காயும்

வண்டியிலிருந்து விழுகிறவன் கொடுத்து வைத்தவன். நாலு பேர் ஓடி வந்து தூக்குவார்கள், சோடா வாங்கிக் கொடுப்பார்கள், "பாத்து வரக் கூடாதாப்பா" என்று அன்பாகத் திட்டுவார்கள். விழப் பார்த்து விழாமல் நின்றவன் பாடுதான் திண்டாட்டம். அவனுக்குச் சோடாவும் கிடையாது, ஆறுதலும் கிடையாது. ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நடந்ததை அவனே சரிசெய்ய வேண்டும். நான் அப்படி நின்றவன். என் வீட்டில் இதை வேறு மாதிரி சொல்வார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் விழவில்லை.

இன்றைக்கு பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என் பெயர் எழுதிய தண்ணீர் டேங்கர்கள் நாலு ஓடுகின்றன. (ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது. ஓடுவதைவிட நிற்பது அதிகம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.) பள்ளிக்கூடத்துக்கு ஆறாவது வரை போனேன். ஆறாவதிலும் பாதிதான், மீதியை வாத்தியார் நான் இல்லாமலே நடத்தி முடித்தார். எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்தால் போதும். லாரி ஓட்டக் கற்றது அப்படித்தான், பம்பு செட் கழற்றக் கற்றது அப்படித்தான், கன்னடத்தில் சண்டை போடக் கற்றதும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேறொருவருடைய டேங்கரை ஓட்டிக்கொண்டிருந்தேன். கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குத் தண்ணீர் இறக்குவேன். அப்படிப் பழக்கமானவர்தான் முனுசாமி மேஸ்திரி. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தால், தூக்குக்குண்டு கட்டிப் பார்க்க வேண்டியதில்லை. விரல் பருமன் சாய்ந்திருந்தாலும், "இடிங்கப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கட்டினவன் அழுதாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவருக்குப் பிடித்துப் போயிற்று. தன் மகள் செல்வியை எனக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு எடுத்தார். விஜயதசமி அன்று தட்டு மாற்றிக்கொள்வதாக முடிவானது. ஒரே ஒரு குறைதான் அவருக்கு. "பையன் நல்லவன். வாய்தான் ஆனேக்கல் வரைக்கும் போகுது" என்று என் பெரியம்மாவிடமே சொல்லியிருக்கிறார். அதற்கு நான், "என் வாயைவிடக் கை நீளம்னு சொல்லு பெரிம்மா" என்று பதில் அனுப்பினேன். (அதன் இன்னொரு அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.)

தட்டு மாற்றுவதற்கு முந்தைய நாள் ஆயுதபூஜை. மேஸ்திரி புது பைக் வாங்கியிருந்தார். அதுவரை சைக்கிளிலேயே காலம் தள்ளியவர். பைக்கை இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வண்டிக்குப் பட்டை பட்டையாக விபூதி, முகப்பில் சாமந்தி மாலை, ஹேண்டிலுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. தெருவே கூடி நின்றது.

"மாப்ளே, எலுமிச்சம்பழத்து மேல நீங்களே ஏத்திடுங்க. அப்படியே புள்ளையார் கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடுங்க. நிதானமா, ஆய்த்தா, சரியா?"

"மாமா, நான் ஓட்டாத வண்டி இந்த பெங்களூர்லயே இல்ல. இது வரைக்கும் ஒரு தடவகூட கீழ வுழுந்தது கெடயாது."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஜன்னலில் செல்வி நிற்பதைப் பார்த்துவிட்டேன். தேவையில்லாமல் முறுக்கி, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு சீறிப் பறந்தேன்.

கோயில் வரைக்கும் ராஜா மாதிரி போனேன். திரும்பும்போதுதான் சனியன். ஆயுதபூஜை அன்று இந்த ஊரில் கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி, பூசணிக்காயில் குங்குமம் கொட்டி நடுரோட்டில் போட்டு உடைப்பார்கள். கண் திருஷ்டி போகும். பின்னால் வருகிறவனின் முன் சக்கரமும் போகும். செல்வியின் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் திரும்பினேன். யாரோ தாராளமாக உடைத்திருந்த பூசணிக்காயில் முன் சக்கரம் வழுக்கி, சாக்கடைக் கல்லின் இடுக்கில் போய்ச் சிக்கியது. வண்டி சாய்ந்தது. ஹேண்டில் சுவரில் மோதியது. நான் இரண்டு காலையும் ஊன்றி, பல்லைக் கடித்து, வண்டியைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

வாழைக்கன்று குறுக்கே இருந்ததால் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சந்தில் ஆளும் இல்லை. அப்பாடா என்று வண்டியை நேராக்கி உருட்டினால், சக்கரம் நேராகப் போகிறது, ஹேண்டில் மட்டும் லெஃப்டில் திரும்பி யாரையோ தேடுகிறது.

தெருமுனையில் நிற்பவர் ஒரு கண்ணை மூடுகிற மனிதர். இதை அவர் பார்த்தால், நாளைக்குத் தட்டு மாறுவது சந்தேகம்.

ஆனால் நானா அசருகிறவன்? சிவாஜிநகரில் பாய் ஒருவரின் மெக்கானிக் கடையில் டீ குடித்துக்கொண்டே இதே வேலையைப் பார்த்திருக்கிறேன். வண்டிக்கு முன்னால் நின்று, சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்து ஒரே திருகு. அவ்வளவுதான். (பாய் எந்தப் பக்கம் திருகினார் என்பதைக் கவனிக்கவில்லை. டீயில் பன் ஊறிக்கொண்டிருந்தது.)

க்ரீம் கலர் புது பேன்ட்டோடு சக்கரத்தை இடுக்கிக்கொண்டேன். சக்கரம் முழுக்கப் பூசணிச் சதையும் குங்குமமும். கோணல் லெஃப்டில் இருக்கிறது, ரைட்டில் திருப்ப வேண்டும். ரைட்டில் திருகினேன். கோணல் கூடிவிட்டது. புது வண்டி, இறுக்கமாக இருக்கும் என்று இன்னும் பலமாகத் திருகினேன். இன்னும் கூடியது. வாழையிலை வேறு ஒவ்வொரு திருகுக்கும் கன்னத்தில் ஓர் அறை வைத்தது. கடைசியில் ஹேண்டிலைப் பார்த்தால், வண்டி லிங்கராஜபுரம் பக்கமும் ஹேண்டில் சிவாஜிநகர் பக்கமும் போகப் புறப்பட்ட மாதிரி இருந்தது.

"யார்கூட சண்டை?"

தலைக்கு மேலே, சந்தைப் பார்த்த ஜன்னலில் செல்வி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"சண்டையெல்லாம் இல்லீங்க. புது வண்டி பாருங்க, ஷோரூம்ல சரியா மாட்டல. நான் செட் பண்றேன்."

"காலைல அப்பா ஒரு கண்ண மூடிப் பாத்தாரே. நேராத்தான இருந்துச்சு."

நான் ஹேண்டிலைப் பிடித்து இன்னொரு திருகு திருகினேன்.

"லெஃப்ட்ல இருக்கறத எதுக்கு இன்னும் லெஃப்ட்டுக்கே தள்றீங்க?"

"ரைட்டுலதாங்க திருப்பறேன். இதோ, இது ரைட்டு." கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அது உங்க ரைட்டு. வண்டிக்கு எதுத்தாப்ல நிக்கிறீங்கல்ல, அதுக்கு அது லெஃப்ட்டு. நான் தெனம் ஜாக்கெட் அளவு எடுக்கறவ. எதுர்ல நிக்கிறவங்க லெஃப்ட்டு எதுன்னு தெரியாம தச்சா யாரு போடுவாங்க?"

படித்தவன் சொன்னால் எதிர்த்துப் பேசியிருப்பேன். ஜாக்கெட் விஷயத்தில் என்ன பேசுவது? வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திருகினேன். ஹேண்டில் திரும்பியது.

"ஆங், வருது. இன்னும் கொஞ்சம். ஐயோ, போதும் போதும், ரொம்பப் போயிடுச்சு. சொல்ப, கொஞ்சம் பேக். இருங்க, இங்கருந்து சரியாத் தெரியல."

பட்டுப்புடவையோடு கீழே இறங்கி வந்தாள். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் நேர் தெரியும் என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் சக்கரத்தை முழங்காலால் கவ்விக்கொண்டு, குங்குமம் வழிய, வாழையிலை வாயில் பட, அவள் சொல்லச் சொல்லத் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோலத்தில் சந்துமுனையில் மேஸ்திரி வந்து நின்றார். பொரி கடலைத் தட்டோடு பின்னால் பாதித் தெரு.

ஒரு கண்ணை மூடினார். வண்டியைப் பார்த்தார். அதே கண்ணால் என்னையும், பேன்ட்டையும் பார்த்தார்.

"வுழுந்துட்டீங்களா மாப்ளே?"

"இல்ல மாமா. வுழல." அது சத்தியம். அதோடு விட்டிருக்கலாம். "ஷோரூம்லயே கோணலா குடுத்துட்டான் மாமா. நல்லவேளை, நான் கண்டுபுடிச்சேன்."

செல்வி சீட்டை விட்டு இறங்கவே இல்லை. "பூசணிக்கா வழுக்கிடுச்சுப்பா. கீழ வுழாம புடிச்சிட்டாரு, அது நெசம். சரி பண்றேன்னு இவரேதான் ரொம்பக் கோணலாக்கினாரு. நான் சொல்லி இப்பத்தான் நேராச்சு."

யாரோ பொரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. மேஸ்திரி வண்டியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"வண்டி நேராத்தான் இருக்கு. மாப்ளதான் சாஞ்சிருக்காரு." மகளைப் பார்த்தார். "நீதான் சொல்லணும்மா. இடிச்சிடவா, பூசிக்கலாமா?"

அந்த மனிதர் எந்தச் சுவரிடமும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. நான் சக்கரத்தை முழங்காலால் இன்னும் இறுக்கிக்கொண்டேன். செல்வி தன் அப்பாவைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவசரமே படவில்லை.

"பூசிக்கலாம்ப்பா. அஸ்திவாரம் பரவால்ல."

மறுநாள் தட்டு மாற்றினோம். கல்யாணத்தில், பெண்ணை ரைட்டில் உட்காரச் சொன்னார் ஐயர். அவள் குனிந்த தலை நிமிராமல், "உங்க ரைட்டா, வண்டி ரைட்டா?" என்று கேட்டாள். மணமேடையில் நான் இருமியதாக எல்லோரும் நினைத்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி குடும்பச் சொத்தாகிவிட்டது. என் பிள்ளைகளுக்கு ஆட்டோக்காரருக்கு வழி சொல்லத் தெரியும் முன்பே இதைச் சொல்லத் தெரியும். டேங்கருக்கு எதிரே நின்று, "லெஃப்ட்டு ஒடி" என்று கத்தினால், என்னிடம் சம்பளம் வாங்குகிற டிரைவரே எட்டிப் பார்த்து, "யாரோட லெஃப்ட்டு ஓனர்?" என்கிறான்.

போன மாதம் அவன் கேட்காமல் ஒடித்துவிட்டான். டேங்கர் எங்கள் வீட்டு காம்பவுண்டுச் சுவரில் இடித்து, சுவர் சாய்ந்தது. கொத்தனார் வந்து பார்த்தார். நான் விளக்கினேன்: "இந்தச் சுவரு கட்டும்போதே கோணல்."

கட்டியவர் யார் என்பதை மறந்துவிட்டேன். மாமனார் முனுசாமி மேஸ்திரி தன் கையால் கட்டிய சுவர் அது.

வாசலுக்கு வந்த செல்வி ஒரு கண்ணை மூடினாள். சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"செவுத்த இடிச்சிட்டு புதுசா கட்டுங்கண்ணா" என்றாள் கொத்தனாரிடம். "இவருக்கு மட்டும் இன்னொரு கை பூசிக்கறேன்."