ரெய்னோ கட்டின பனிச்சுவரு

உக்காருங்கய்யா, உக்காருங்க. கதவோரம் நிக்கிறவங்களும்தான். பேச்ச வாய்க்குள்ள போட்டுப் பூட்டுங்க. பூட்ஸுல ஒட்டுன பனிய வாசல்லயே தட்டிட்டு வந்தீங்கல்ல? அப்ப சரி. நம்ம ரெய்னோ கதையச் சொல்லப் போறேன். ஆளு வர்றதுக்குள்ள முடிச்சாகணும்.

ரெய்னோ மர மில்லுல முப்பது வருஷம் மல்லுக்கட்டிட்டு இந்த வருஷம்தான் ஓய்வு வாங்குனான். வீட்டுக்குப் பின்னாலயே ஏரி. அது உறைஞ்சா போதும், ஒரு சின்னக் குடிசைய அதுமேல இழுத்துட்டுப் போயி, ஐஸுல ஓட்டையப் போட்டு, தூண்டில உள்ள விட்டு உக்காந்துருவான். பய சொர்க்கத்துல இருக்கான்னு அர்த்தம். ஓய்வு வாங்குன அன்னைக்கே சபதம் போட்டான். "இனிமே ஞாயித்துக்கிழம எனக்கும் மீனுக்கும்தான். நடுவுல எவனும் வரக்கூடாது!"

எவனும் வரல. ஒருத்தி ஏற்கெனவே அந்தக் கிழமைக்குப் பட்டா போட்டு வச்சிருந்தா. பேரு ஹில்யா. அவன் பொண்டாட்டி சைமாவோட கூடப்பொறந்த தங்கச்சி. பத்து மைல் தள்ளி வீடு. வாராவாரம் அங்க மதியச் சாப்பாடு. ஹில்யான்னா நம்ம ஃபின்லாந்துப் பேச்சுல அமைதின்னு அர்த்தம். பேரு வச்சவங்க குழந்தைய ஒரு தடவ அழவிட்டுப் பாத்துட்டு வச்சிருக்கலாம். தட்டுல கெழங்குக் களி மல மாதிரி குமிஞ்சிருக்கும். களி முடிஞ்சா ரெண்டு மணி நேரம் அக்கார்டியன், அதான் இழுத்து இழுத்து வாசிக்கிற துருத்திப் பெட்டி. எந்திரிச்சு ஓடவும் முடியாது. கதவ அடைச்சுப் போட்ட நாற்காலிலதான் ஹில்யா உக்காந்து வாசிப்பா.

பனிக்காலம் வர்றதுக்கு முன்னாடி ரெய்னோ ஒரு குட்டி டிராக்டர் வாங்குனான். பனி தள்ள அதுல எத மாட்டுறது? சமையக்கட்டு மேஜைல கடைக்காரன் குடுத்த படப் புத்தகம் விரிஞ்சு கெடக்கு.

"புளோயர் வாங்குவோங்க," சைமா சொன்னா. "பனிய உறிஞ்சி முப்பது அடி தள்ளி வீசிரும். அரமணி நேரத்துல வழி சுத்தம்."

"பிளேடு."

"பிளேடு வெறும் இரும்புத் தகடு, தள்ளத்தான செய்யும்? தள்ளுனத எங்க வப்பீங்க? நம்ம கீவினாப் பக்கம் கொட்டுற பனிக்கு ஜனவரிக்குள்ள எடம் தீந்துரும்."

"புளோயர பின்னாடி மாட்டணும். பொழுதன்னைக்கும் ரிவர்ஸுலயே ஓட்டணும். என் கழுத்தென்ன ஆந்தக் கழுத்தா?"

"முன்னாடி மாட்டுறதும் வருதுங்க. பன்னெண்டாம் பக்கம்."

"கல்ல உறிஞ்சி ஜன்னல்ல அடிக்கும்!"

"தரைலருந்து ரெண்டு விரல் தூக்கி வச்சா அடிக்காது."

"பின்னு ஒடையும்!"

"மெஷின் ஒடையக் கூடாதுன்னுதான் அந்தப் பின்னே ஒடையுது. பத்து வாங்கி டப்பால போட்டு வச்சுக்கலாம்."

அவ புத்தகத்த மனப்பாடம் பண்ணியிருக்கா. இவன் படம் மட்டும் பாத்திருக்கான். மேஜைல விட்டான் பாருங்க ஒரு தட்டு, காப்பி எகிறிச்சு. "முப்பது வருஷமா இந்த வீட்ல ஜன்னல் துணிலேருந்து நாய்க்குட்டி பேரு வரைக்கும் நீ சொன்னதுதான். டிராக்டர் மூக்குல என்னத்த மாட்டணும்னு நாந்தான்டி சொல்லுவேன். பிளேடு!"

"நீங்க போடுற பிளேடு பத்தாதுன்னு இன்னொண்ணு வேறயா?"

"ஆமா! இன்னொண்ணு!"

ஏன் இந்த வீம்பு? உங்களுக்கு மட்டும் சொல்றேன். புளோயர் வீசுன பனி தூளா செதறிப் போயிரும். பிளேடு தள்ளுன பனி அப்படியில்ல. நசுங்கி, குமிஞ்சு, குளிரு பட்டுச்சுன்னா சிமெண்டு மாதிரி எறுகிரும். சனிக்கிழமையே அத வீட்டு வழி ரோட்டுல சேர்ற எடத்துல ஆளு உசரத்துக்குத் தள்ளி வச்சிட்டா? ஞாயித்துக்கிழம கார் எப்படி வெளிய போகும்? "ஐயோ ஹில்யா, வரணும்னுதான் துடிச்சோம்"னு போன்ல ஒரு அழுகைய விட்டா தீந்துச்சு. ஏரிக்குக் கொல்லப்பக்கமா நடந்தே போயிரலாம்!

சைமா அவன் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்தா. புத்தகத்த மூடுனா. "சரிங்க. உங்க இஷ்டம்."

முப்பது வருஷத்துல மொதல் வெற்றி. அன்னைக்கு அவன் நடந்த நட இருக்கே, நெஞ்சு முன்னால போகுது, ஆளு பின்னால வர்றான். நேரா கடைக்குப் போயி பிளேட வாங்கி மாட்டுனான். டிராக்டர் மூக்குல மாட்டி அள்ளுறதுக்குன்னு கூட வந்த பக்கெட்டத் திருப்பிக் குடுத்தான்.

"அள்ளிக் கொட்ட ஒதவுமே சார்," கடைக்காரன் சொன்னான்.

"அள்ளக் கூடாதுன்னுதானய்யா குடுக்குறேன்!"

ஏரி நல்லா எறுகுன மொத சனிக்கிழம. காலைல வானம் வெறிச்சுன்னு இருந்துச்சு. ரெய்னோ குடிசையக் கரை வரைக்கும் டிராக்டர்ல இழுத்துட்டுப் போனான். மத்தியானம் புடிச்சுது பனி. அடேங்கப்பா! எதிர்ல நிக்கிற ஆளு மூக்கு தெரியல. திரும்பி வந்தவன் வீட்டுக்குள்ளகூட போகல. பிளேட எறக்குனான். இருட்டுற வரைக்கும் தள்ளுனான். இருக்குற பனிய எல்லாம் வழி வாயில கொண்டு போயி அமுக்கி, இன்னொருக்கா அமுக்கி, மேல ஏத்தி, கோட்டச் சுவரே எழுப்பிட்டான்.

தொப்பில பனி, மூஞ்சில சிரிப்போட உள்ள வந்தான்.

"சைமா, மோசம் போச்சு! வழி அடைஞ்சிருச்சு. நாளைக்கு ஹில்யா வீட்டுக்குப் போக முடியாது."

"அடடா! எத்தன நாளாகும்ங்க?"

"ஒரு வாரம்! வெடி வச்சாலும் அசையாது."

"அவ்ளோ உறுதியாவா சொல்றீங்க?"

"என் கையால அமுக்குனதுடி!" வாய் முந்திக்கிச்சு.

சைமா பக்கத்து ரூமப் பாத்துக் கொரல் குடுத்தா. "ஹில்யா, கேட்டியா? ஒரு வாரமாம்!"

உள்ளேருந்து ஒரு பெருமூச்சு. மனுஷ மூச்சு இல்ல. அக்கார்டியன் மூச்சு.

"அத்தான்!" ஹில்யா பெட்டியோட வந்து நின்னா. "நீங்க ஏரிக்குப் போயிருந்தப்பவே வந்துட்டோம். கார கொட்டகைல விட்டிருக்கோம். அக்காதான் இந்த வாரம் நீங்க இங்க வாங்கன்னு போன்ல கூப்ட்டா. ஒரு மூட்ட கெழங்கு கொண்டாந்திருக்கேன்!"

ரெய்னோ வந்த வேகத்துல வெளிய ஓடுனான். டிராக்டர்ல ஏறிச் சுவத்த முட்டுனான். சுவரு நின்ன எடத்துலயே நிக்குது, டிராக்டர்தான் சறுக்கிப் பின்னால வருது. கொத்தி அள்ளப் பக்கெட்டும் இல்ல. கால் மணி நேரம் முட்டிட்டு உள்ள வந்தான். வந்தும் கொம்பு எறங்கல.

"இப்பவும் சொல்றேன், நான் செஞ்சது சரிதான்! நாளைக்கு ஏரிக்குப் போவேன். தடுக்குறவங்க தடுங்க!"

"யாருங்க தடுத்தா?" சைமா சொன்னா. "தாராளமா போங்க. ஞாயிறு ஒண்ணு, ஞாயிறு ரெண்டுன்னு பதினாறு வரைக்கும் எழுதி, மாவு டப்பாக்குப் பின்னாடி தூண்டில் முள்ளப் பொட்டலம் பொட்டலமா அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுல மொதப் பொட்டலத்த எடுத்துக்கோங்க. நீங்க பிளேடு பிளேடுன்னு குதிச்ச அன்னைக்கே பாத்துட்டேன்."

"நானும் வர்றேன் அத்தான்!" ஹில்யா குதிச்சா. "அந்தக் குட்டிக் குடிசைக்குள்ள வாசிச்சா கணீர்னு கேக்கும்!"

ரெய்னோ சுத்தி முத்திப் பாத்தான். அடுப்போரமா ஹில்யாவோட புருஷன் வைனோ காப்பியோட உக்காந்திருந்தான். கல்யாணமான நாள்லேருந்து அவன் பேசுனத எண்ண ஒரு கை போதும். பேசத் தெரியாம இல்ல, எடம் கெடைக்கல.

"சகல! நீயாச்சும் சொல்லு! தன் ஞாயித்துக்கிழமையக் காப்பாத்த ஒரு ஆம்பள சுவரு கட்டுனது தப்பா?"

ஹில்யா அக்கார்டியன் பட்டையத் தோள்ல மாட்டிக்கிட்டு இருந்தா. ஒரு நொடி எடம் கெடைச்சுது. வைனோ கோப்பையக் கீழ வச்சான்.

"சுவரு தப்பில்ல சகல. அந்தப் பக்கம் நின்னுல்ல கட்டியிருக்கணும்."